சீக்காளிப் பூ

உங்கள் தோட்டத்தில் ஒரு பூ திடீரென்று நிறம் மாறினால் எதைச் சந்தேகப்படுவீர்கள்? மண். இல்லாவிட்டால் உரம். அதுவும் இல்லையா, வெயில்.

தப்பே இல்லை. ரோஸ் நிற லில்லிகளில் சில, கடும் வெயிலில் வெளுத்துப்போய்ப் பூக்கும். சூடு அதிகமானால் இதழில் சாயம் சரியாக ஊறாது. ஆனால் இதே சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் முந்நூறு வருடத்துக்கு மேல் ஏமாந்த கதை ஒன்று உண்டு. லில்லியின் நெருங்கிய சொந்தமான துலிப்பின் கதை.

1593-ல் ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்றார் கரோலஸ் குளூசியஸ். பெரிய தாவரவியல் மேதை. அவர் நட்ட துலிப் கிழங்குகள் மறு வருடமே பூத்தன. ஊரே சொக்கிப்போனது.

அதில் ஒரு விநோதம். இந்த வருடம் முழுச் சிவப்பாகப் பூத்த செடி, அடுத்த வருடம் வெள்ளை இதழில் தீ நாக்கு மாதிரி சிவப்புக் கோடுகளோடு வந்து நிற்கும். எந்தச் செடி மாறும், எப்போது மாறும்? யாருக்கும் தெரியாது. கோடு விழுந்த செடி நாளடைவில் நோஞ்சானாகிவிடுகிறது என்று குளூசியஸ் அப்போதே கவனித்து எழுதினார். யார் கேட்டார்கள்?

மண்ணை மாற்றினார்கள். புறா எச்சம் போட்டார்கள். பழைய சுவரின் காரையைப் பொடித்துத் தூவினார்கள். எந்த நிறம் வேண்டுமோ அந்த நிறச் சாயப் பொடியைப் பாத்தியில் கொட்டினார்கள். சிலர் வெள்ளைக் கிழங்கில் பாதி, சிவப்புக் கிழங்கில் பாதி வெட்டிச் சேர்த்துக் கட்டி நட்டார்கள். இந்தக் கடைசி வித்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை? கோடு போட்ட துலிப்புகளின் மகாராணி 'செம்பர் அகஸ்டஸ்'. 1637 தொடக்கத்தில் அதன் ஒற்றைக் கிழங்குக்குப் பத்தாயிரம் கில்டர் என்றார்கள். ஒரு கைவினைத் தொழிலாளியின் வருட வருமானம் சுமார் முந்நூறு. கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். மேலே, மதுக்கடையில் உட்கார்ந்து வெறும் சீட்டை வாங்கி விற்றார்கள். டச்சுக்காரர்களே அதற்கு வைத்த பெயர், காற்று வியாபாரம். அந்தப் பிப்ரவரியில் ஹார்லெம் நகரில் ஏலம் கேட்க ஆள் வரவில்லை. அவ்வளவுதான், எல்லாம் சரிந்தது. ஊரே திவாலாகிக் கால்வாயில் குதித்தது என்பதெல்லாம் பிற்காலக் கற்பனை. ஆன் கோல்ட்கார் என்கிற சரித்திர ஆய்வாளர் ஆவணங்களைக் குடைந்து 2007-ல் புத்தகமே எழுதிவிட்டார். நஷ்டப்பட்டவர்கள் உண்டு. நாசமாய்ப் போனவர்கள் என்று சொல்லும்படி அகப்பட்டவர்கள் ரொம்பக் கம்மி.

சரி, நிறம் எப்படி மாறியது?

விடை 1928-ல் வந்தது. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை பார்த்த டோரதி கேலி, கோடு விழுந்த கிழங்கின் சதையை எடுத்து நல்ல கிழங்கில் ஒட்டுக் கட்டினார். நல்ல செடியும் கோடு கோடாகப் பூத்தது. மண் இல்லை, உரம் இல்லை. தொற்றுநோய். வைரஸ்! செடிக்குச் செடி அதைச் சுமந்து போனது அசுவினிப் பூச்சி. வைரஸ் புகுந்த இதழில் சிவப்புச் சாயம் சில இடங்களில் உருவாவதில்லை. அடியில் இருக்கும் வெள்ளையோ மஞ்சளோ எட்டிப் பார்க்கும். அதுதான் அந்தப் பேரழகு.

வெட்டிக் கட்டிய தோட்டக்காரர் ஞாபகம் இருக்கிறாரா? அவர் கட்டிய பாதிகளில் ஒன்று நோய்ப்பட்டதாக இருந்தால், வித்தை பலித்திருக்கும். கேலி செய்ததும் கிட்டத்தட்ட அதைத்தானே!

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள், சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்று. சரக்கு ஏன் குறைந்தது? சீக்காளிக் கிழங்கு குட்டி போடுவது குறைவு. அழகைக் கொடுத்த அதே நோய்தான் தட்டுப்பாட்டையும் கொடுத்தது. பத்தாயிரம் கில்டர் நோய்க்குப் போட்ட விலை. செம்பர் அகஸ்டஸ் இன்று உலகில் எங்கும் இல்லை. ஓவியங்களில் மட்டும் பூத்திருக்கிறது.

இப்போது கடையில் கிடைக்கும் கோடு போட்ட துலிப்புகள் கலப்பினத்தில் உருவானவை. ஆரோக்கியமானவை. ஆனால் அந்த வைரஸ் போய்விடவில்லை. சில லில்லிகள் வெளியே எதையும் காட்டிக்கொள்ளாமல் அதைச் சுமந்துகொண்டிருக்கும். அதனால்தான் துலிப் வளர்ப்பவர்கள் பக்கத்தில் லில்லியை நட விடுவதில்லை. ஆயிரம்தான் சொந்தம் என்றாலும்!