கம்பம் பள்ளத்தாக்கு: மலைமுகட்டிலிருந்து இரவுப் படம்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை இருட்டும் வேளையில் மேலிருந்து படமெடுக்க ஏற்ற இடம், எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்திலுள்ள ராமக்கல்மேடு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். காலடியில் மலை ஒரேயடியாக 600 மீட்டருக்கும் மேல் இறங்கி, கோம்பை, பண்ணைப்புரம் (இளையராஜா பிறந்த ஊர்), தேவாரம் ஆகிய ஊர்களின் விளக்குகளில் போய் முடிகிறது. கிழக்கே உத்தமபாளையம், தென்கிழக்கே கம்பம், வடகிழக்குத் தொலைவில் தேனி.

மும்பைப் படங்களில் வருவதுபோல் வானத்தை வெட்டி நிற்கும் கட்டட வரிசை இங்கு கிடையாது. ஊர்களுக்கு நடுவே நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் இரவில் கறுத்துக் கிடக்கும். படத்துக்கு உருவம் தருவது அந்தக் கறுப்புதான். ஆனால் முழுக்க இருட்டிய பின் எடுத்தால் வயலும் மலையும் ஒன்றாகி, வெறும் ஒளிப்புள்ளிகளே மிஞ்சும்.

முகடு பள்ளத்தாக்குக்கு மேற்கே இருப்பதால் பொழுது நம் முதுகுப்பக்கம் சாய்கிறது. மலையின் நிழல் முந்திக்கொண்டு ஊர்களை மூட, விளக்குகள் எரியத் தொடங்கும். எதிரே மேகமலைக்கு மேல் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். இரண்டும் சமமாவது சூரியன் மறைந்த 20 முதல் 35 நிமிடங்களுக்குள். 10 பாகை வடக்கிலுள்ள இந்த ஊர்களில் அந்தி நீளாது. ஐரோப்பியக் கையேடுகளை நம்பிச் சாவகாசமாக டிரைபாட் விரிப்பவர் ஏமாறுவார்.

தொடக்கத்துக்கு ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 4 முதல் 15 விநாடி. தானியங்கி ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். தொலைதூரத் தெருவிளக்கு ஒன்றைத் திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். 70–200 மி.மீ. லென்ஸ் ஊர்களை நெருக்கிக் காட்டும். அகல லென்ஸில் அவை சிறுத்துவிடும்.

பெரிய தொல்லை காற்று. பக்கத்திலேயே காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று முகட்டைத் தாண்டிப் பாயும்போது டிரைபாட் நடுங்கும். நடுத்தண்டை உயர்த்தாமல், ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி, ஷட்டர் நேரத்தை ஓரிரு விநாடிக்குக் குறைப்பதே வழி. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தூசி அடங்கித் தேனிவரை தெளிந்திருக்கும்.

மேகமலைப் பாதையிலிருந்து சின்னமனூர் விளக்குகள் அழகுதான். ஆனால் அது 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகப் பகுதி. இரவில் வனத்துறை வாகனங்களை விடுவதில்லை. வாகன ஒளிக்கோடுகள் வேண்டுவோர்க்குச் சபரிமலைப் பருவம் உகந்தது: கம்பம்மெட்டு மலைச்சாலையின் வளைவுகளில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசையாக ஏறும்போது, 30 விநாடி ஷட்டரில் சாலை முழுதும் ஒளிக்கோடாகப் பதியும்.