இடிகம்பி: குழலுக்குள் போய் வரும் ஒரு கெஜம்

துப்பாக்கி வரலாறு எழுதுகிறவர்கள் குழலைப் பற்றி எழுதுவார்கள், குதிரையைப் பற்றி எழுதுவார்கள், மருந்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். குழலுக்குக் கீழே செருகிவைத்த குச்சி மட்டும் எப்போதும் அடிக்குறிப்பில்தான் கிடக்கும். இந்தப் பதிவு அந்தக் குச்சியைப் பற்றியது. ஆங்கிலத்தில் ராம்ராட் என்பார்கள். இங்கே இடிகம்பி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அடிப்படை. பழைய நாட்டுத் துப்பாக்கிக்குப் பின்பக்கம் திறக்காது. எல்லாமே வாய்வழிதான் உள்ளே போகவேண்டும்: முதலில் கரிமருந்து, மேலே ஒரு அடைப்பு, அதன்மேல் குண்டு அல்லது ரவை, கடைசியில் இன்னொரு அடைப்பு. இத்தனையையும் அடிவரை கொண்டுபோய் இறுக்குவது கம்பியின் வேலை. சுட்டு முடித்தபின் அதே கம்பியில் துணியைச் சுற்றித்தான் குழலைத் துடைப்பார்கள். கம்பி தொலைந்தால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்.

இந்துஸ்தானியில் இதற்கு 'கஜ்' என்று பெயர். பாரசீகத்திலிருந்து வந்த சொல். நாம் துணிக்கடையில் சொல்லும் 'கெஜம்' இதே சொல்தான். அளவுகோலுக்கும் இடிகம்பிக்கும் ஒரே பெயர் வந்தது இரண்டும் நேரான கோல் என்பதால் இருக்கலாம். ஆனால் இந்தக் கம்பியும் ஒரு அளவுகோல்தான். எப்படி என்று கீழே வருகிறேன்.

ஐரோப்பியப் படைகள் இந்தக் கம்பியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வேகம். ஆரம்பத்தில் எல்லாம் மரக்கோல்தான். அவசரத்தில் இடித்தால் ஒடியும். நடுச்சண்டையில் ஒடிந்தால் அந்தச் சிப்பாய் கதை முடிந்தது. பிரஷ்யாவில் லியோபோல்டு என்ற தளபதி 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தன் படைப்பிரிவுக்கு இரும்புக் கம்பி கொடுத்தார். பிறகு பிரஷ்யப் படை முழுவதற்கும் அது பரவியது. 1741இல் மோல்விட்ஸ் போரில் பிரஷ்யக் காலாட்படை சுட்ட வேகத்துக்குக் கடும் பயிற்சியோடு இந்த இரும்புக் கம்பியும் ஒரு காரணம் என்று படைவரலாற்றாளர்கள் சொல்வார்கள். பிரிட்டிஷ்காரர்களும் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மரத்திலிருந்து எஃகுக்கு மாறினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்காகச் செய்வித்த 'இந்தியா பேட்டர்ன்' துப்பாக்கியில் 39 அங்குலக் குழல், அதன்கீழ் எஃகுக் கம்பி. கிட்டத்தட்ட ஒரு கெஜம்!

பழனிமலை அடிவாரத்துக்கு இந்தக் கம்பி வந்த காலம் சுமாராகத் தெரிகிறது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்கு வந்தது. மலையடிவாரத்து விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் எதிர்த்து நின்றார்; 1801இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார்: பாளையங்களில் இனி யாரும் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது. அதன்பின் 1878 ஆயுதச் சட்டம் இந்தியா முழுக்க உரிமத்தைக் கட்டாயமாக்கியது. குடகர்களுக்கு விலக்கு இருந்தது. நம் மலைக்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959 ஆயுதச் சட்டத்தில்தான் சுவாரசியமான ஓர் இடம் இருக்கிறது. பிரிவு 13, உட்பிரிவு 3. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று விவசாயி உரிமம் கேட்டால் எந்தத் துப்பாக்கிக்குத் தரலாம் என்று சட்டமே பெயர் சொல்கிறது: வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் வேறு வகை. உலகம் முழுக்க தோட்டாத் துப்பாக்கிக்கு மாறிச் சுமார் நூறு வருஷம் ஆனபிறகு எழுதிய சட்டம் இது!

ஏன்? சட்டம் காரணம் சொல்லவில்லை. என் வாசிப்பு இது: இந்தத் துப்பாக்கியில் ஒருமுறை சுட்டால், அடுத்த வெடிக்குக் கம்பியை உருவி, இடித்து, திரும்பச் செருகவேண்டும். அந்த அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோதான் அரசாங்கத்துக்கு நிம்மதி. பன்றியை விரட்ட ஒரு வெடி போதும். கலகம் செய்யப் போதாது. படைகள் வேகத்துக்காக மாற்றிய அதே கம்பி, விவசாயி கையில் மெதுவாக்கும் கருவியாக அனுமதிக்கப்பட்டது.

நாயுடுபுரம் இன்று கொடைக்கானல் ஊருக்குள்ளேயே ஒரு பகுதி. ஊர்த் தெருக்களிலேயே காட்டுமாடு சாவகாசமாக நடந்துபோகிறது. பூம்பாறைப் பூண்டு, மன்னவனூர் உருளை, தாண்டிக்குடி வாழை எல்லாவற்றுக்கும் பக்கத்துச் சோலையிலிருந்து விருந்தாளி வருவார். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: துப்பாக்கிக்கு உரிமம் இருந்தால் விலங்கைச் சுட உரிமை வந்துவிடாது. 1972 வனவிலங்குச் சட்டம் அதைத் தனியாகக் கட்டுப்படுத்துகிறது.

சரி, உரிமம் பெற்ற ஒரு பழைய துப்பாக்கிக்குக் கம்பி தேர்வு செய்வதென்றால் என்ன பார்ப்பார்கள்?

நீளம். அடிவரை எட்டவேண்டும், கை பிடிக்க மிச்சமும் வேண்டும். குழலின் கீழ் செருகும் கம்பி பெரும்பாலும் குழல் அளவோடு நின்றுவிடும் என்பதால், துடைக்க வீட்டில் ஒரு நீளமான கம்பி தனியாக வைப்பது வழக்கம்.

பொருள். மரம் குழலைக் கீறாது. ஆனால் ரேகை நேராக ஓடவேண்டும். சாய்ந்து ஓடினால் ஒடியும்போது ஈட்டி மாதிரி கூராக ஒடிந்து உள்ளங்கையில் ஏறும். அமெரிக்கர்கள் ஹிக்கரி மரத்தைத் தேடிப் பிடித்தது இதனால்தான். இரும்பு ஒடியாது, ஆனால் குழல்வாயை நாள்பட நாள்படத் தேய்க்கும். உள்ளே முறுக்குவரி வெட்டிய குழலுக்கு இது பெரிய சேதம். வழவழப்பான நாட்டுக்குழல் ஓரளவு தாங்கும். பித்தளை மெத்தென்று இருக்கும், பொறி பறக்காது, ஆனால் வளையும்.

பருமன். ரொம்ப மெல்லிசாக இருந்தால் உள்ளே நெளிந்து பக்கவாட்டில் உரசும். தடியாக இருந்தால் கரி படிந்த குழலில் சிக்கிக்கொள்ளும்.

முனை. ஒரு முனை குண்டின்மேல் பரவலாக உட்காரவேண்டும். மறுமுனையில் திருகுமரை இருந்தால் துடைப்பு முனையையும், கெட்டித்ததைத் திரும்ப இழுக்கும் சுருள் கொக்கியையும் மாட்டலாம்.

மரக்கோலோ இரும்போ, பிடிக்கும் முறை ஒன்றுதான்: வாய்க்குப் பக்கத்தில் விரல்களால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவது. உள்ளங்கையை நுனியில் வைத்து அழுத்தக்கூடாது. முகம் வாய்க்கு நேராக வரவே கூடாது.

துடைப்பதும் சின்ன வேலை இல்லை. கரிமருந்து எரிந்தால் எடையில் பாதிக்குமேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. குழலில் படியும் அந்த உப்புக்கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 2,100 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் இருக்கும் கொடைக்கானலில் ஒரு ராத்திரி விட்டாலே துரு ஆரம்பித்துவிடும். நல்லவேளை, அந்தக் கரி தண்ணீரில் கரையும். சுடுதண்ணீர், கம்பியில் சுற்றிய துணி, நன்றாக உலர்த்தியபின் கொஞ்சம் எண்ணெய். இவ்வளவுதான். இரண்டு வெடிகளுக்கு நடுவே ஈரத்துணி விடுவதற்கு வேறு காரணம்: உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் அடுத்த மருந்து கொட்டும்போதே பற்றிக்கொள்ளும்.

இப்போது அளவுகோல் விஷயம். வெறும் குழலில் கம்பியை விட்டு, வாய் மட்டத்தில் கம்பிமேல் ஒரு கோடு போடுங்கள். சரியான அளவில் கெட்டித்தபின் இன்னொரு கோடு. இனி எப்போது கம்பியை விட்டாலும், முதல் கோடு வாயோடு நின்றால் காலி, இரண்டாவது நின்றால் கெட்டித்திருக்கிறது. இரண்டாவது கோடு வாய்க்குமேல் ஏறி நின்றால் ஆபத்து: ஒன்றின்மேல் ஒன்று கெட்டித்திருக்கலாம், அல்லது குண்டு அடிவரை போகாமல் நடுவில் நிற்கலாம். இரண்டிலும் குழல் வெடிக்க வாய்ப்பு உண்டு. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இந்தத் துப்பாக்கிக்கு இருக்கும் ஒரே ஸ்டேட்டஸ் இண்டிகேட்டர் இதுதான்.

இது எவ்வளவு முக்கியம்? 1863இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிச் சேர்த்த துப்பாக்கிகள் சுமார் 27,500. அதில் ஏறக்குறைய 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. அவற்றில் பாதியில் இரண்டு கெட்டிப்பு; சில ஆயிரங்களில் அதற்கும் மேல். சண்டைச் சத்தத்தில் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்றே தெரியாமல் மேலும் மேலும் இடித்திருக்கிறார்கள். எல்லார் கையிலும் நல்ல எஃகுக் கம்பி இருந்தது. அளந்து பார்க்கத்தான் நேரம் இல்லை.

மலைத்தோட்டக் காவல்குடிசையில் அந்த நேரம் இருந்தது. ராத்திரி கெட்டித்த துப்பாக்கியை விடிந்ததும் வீட்டுக்குள், பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரவேண்டும். அங்கே வேகத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரியவேண்டும். அந்தப் பதில் கம்பியில் போட்ட கோட்டில் இருக்கிறது. பழைய துப்பாக்கியை எங்காவது பார்க்க நேர்ந்தால் குழலை விடுங்கள், கம்பியை உருவிப் பாருங்கள். கோடு போட்டிருந்தால், அதை வைத்திருந்தவர் கவனமான ஆள்.