லிப்ரெத்தோ: கையளவில் ஒரு சாட்சி

இத்தாலிய மொழியில் 'லிப்ரோ' என்றால் புத்தகம். அதோடு சிறுமையைக் குறிக்கும் 'எத்தோ' விகுதி சேர்ந்தால் லிப்ரெத்தோ, அதாவது சின்னப் புத்தகம். சேமிப்புக் கணக்குப் புத்தகம், காசோலைப் புத்தகம், காரின் பதிவுப் புத்தகம் எல்லாமே இத்தாலியருக்கு இன்றும் லிப்ரெத்தோதான். ஓபராவில் பாடப்படும் வரிகளுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயரும் அதுவே. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியில் 'லிவ்ரே' என்றார்கள், பொருள் ஒன்றுதான். கவிதையைச் சுட்டும் சொல்லே இதில் இல்லை. தாளின் அளவு மட்டுமே பெயராக நின்றுவிட்டது.

அந்த அளவுக்குக் காரணம் இருக்கிறது. 1637இல் வெனிஸ் நகரின் சான் காசியானோ அரங்கில் 'ஆந்த்ரோமெதா' மேடையேறியது. அதுவரை அரண்மனைகளில் விருந்தினர் மட்டும் பார்த்த ஓபராவை, காசு கொடுத்த எவரும் பார்க்கலாம் என்றானது அங்கேதான். அப்படி வருகிறவர் கையில் பிடித்துப் படிக்க மலிவாகவும் சிறிதாகவும் ஒரு புத்தகம் தேவைப்பட்டது. கூடவே ஒரு சிறு மெழுகுத்திரியும் ஏற்றிக்கொள்வார்கள். இன்று காப்பகங்களில் இருக்கும் பழைய பிரதிகள் சிலவற்றில் மெழுகுச் சொட்டுகளைக் காணலாம். நூலகர்கள் அவற்றைச் சுரண்டி எடுத்துவிடாமல் விட்டுவைத்திருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. யாரோ ஒருவர் உண்மையிலேயே அரங்கில் அமர்ந்து அந்தப் பக்கத்தைப் படித்தார் என்பதற்கு வேறு அத்தாட்சி ஏது?

முகப்பில் 'லிப்ரெத்தோ' என்று அச்சிடும் வழக்கம் அன்று இல்லை. 'இசைக்கான நாடகம்' என்று போட்டிருக்கும். உள்ளே புரவலருக்குச் சமர்ப்பணம், கதைச் சுருக்கம், பாத்திரங்கள், பின்னாளில் பாடகர்களின் பெயர்களும். ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. கவிஞர் எழுதி, மேடையில் வெட்டப்பட்ட வரிகளையும் அச்சில் விட்டுவைப்பார்கள். ஓரத்தில் மேற்கோள் குறி மட்டும் இட்டிருக்கும். பாடாத வரி எது என்று படிப்பவர் அறிந்துகொள்வார். கவிஞரின் மானமும் தப்பியது, இசையமைப்பாளரின் நேரமும் மிஞ்சியது.

ஒரே மாலைக்கென அச்சான இந்தத் தாள்கள் இசையைவிட நீண்ட ஆயுள் பெற்றன. 'ஆந்த்ரோமெதா'வின் இசை தொலைந்துபோனது, புத்தகம் இருக்கிறது. 1608இல் மாந்துவா அரண்மனைத் திருமணத்துக்காக மொந்தேவெர்தி அமைத்த 'அரியன்னா'வில் ஒரு புலம்பல் மட்டும் மிஞ்சியது. ரினுச்சினி எழுதிய வரிகளோ முழுதும் கிடைக்கின்றன. இசைப் படி கையெழுத்தில் ஒன்றிரண்டாக இருந்தது. புத்தகம் நூற்றுக்கணக்கில் வீடுகளுக்குப் போனது.

ஆனால் வரிகளைக் காப்பது மட்டுமா அதன் பயன்? வெனிஸின் லா ஃபெனீச்சே அரங்கில் 1853 மார்ச்சில் வெர்டியின் 'லா திராவியாத்தா' முதலில் மேடையேறியது. பாரிஸின் சமகால வாழ்க்கையைச் சொல்லும் கதை அது. நடிகர்கள் அன்றைய உடையிலேயே வரவேண்டும் என்று வெர்டி விரும்பினார். அரங்கத்தார் இணங்கவில்லை. அப்போது அச்சான புத்தகத்தில் காலம் 'ஏறத்தாழ 1700' என்றிருக்கிறது. இன்றைய பதிப்புகளில் 'ஏறத்தாழ 1850' என்று பார்க்கிறோம். கதையின் கூர்மை பார்வையாளரைக் குத்திவிடக் கூடாது என்று ஒன்றரை நூற்றாண்டு பின்னே தள்ளிய கை, அந்த ஒரு வரியில் பிடிபடுகிறது. இரண்டாண்டு முன் அதே அரங்கில் 'ரிகோலெத்தோ'வுக்கும் தணிக்கையின் அடி விழுந்தது: கதையில் பிரெஞ்சு அரசனாக இருந்தவன் மாந்துவாவின் கோமகனாக மாறினான்.

இப்படிச் சாட்சி சொல்லும் தாள்களுக்கும் ஆபத்து வரலாம். 1996 ஜனவரி 29 இரவு லா ஃபெனீச்சே எரிந்தது. அதன் வரலாற்றுக் காப்பகம் வேறிடத்தில் இருந்ததால் தப்பியது. அரங்கு 2003இல் மீண்டும் திறந்தது.

1876இல் ஜெர்மனியின் பாய்ராய்த் அரங்கில் இசையமைப்பாளர் வாக்னர் விளக்குகளை மங்கவைத்தார். மற்ற அரங்குகளும் மெல்ல இருட்டாக, மடியில் புத்தகம் விரித்துப் படிக்கும் பழக்கம் தேய்ந்தது. 1983இல் கனடாவின் டொராண்டோவில் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளைத் திரையிட்டார்கள். சொல் மட்டும் பொருள் மாறிப் பிழைத்தது: லிப்ரெத்தோ என்றால் இன்று அந்த வரிகள்தாம், அவற்றைத் தாங்கிய தாளை யாரும் நினைப்பதில்லை.

காப்பகக்காரர்கள் நினைக்கிறார்கள். இத்தாலிய இசையியலாளர் கிளாவ்தியோ சார்தோரி 1800 வரை அச்சான இத்தாலிய லிப்ரெத்தோக்களைப் பட்டியலிட்டபோது, ஒரே ஓபராவானாலும் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் வந்த அச்சுகளைத் தனித்தனியே பதிந்தார். அதுவே சரியான முறை. தலைப்பு ஒன்றுதானே என்று ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட்டால், எந்த ஊரில் யார் பாடினார், எந்த வரி வெட்டுப்பட்டது என்பதெல்லாம் அவற்றோடு போய்விடும்.