தென்னார்க்காட்டில் காங்கிரஸ்: உள்வாங்கலின் வரலாறு

தமிழகத்தில் காங்கிரஸ் எப்போது வீழ்ந்தது என்று கேட்டால் நம்மில் பலரும் தயங்காமல் 1967 என்று விடை சொல்லிவிடுகிறோம். ஆட்சியை இழந்த ஆண்டு அதுதான், ஐயமில்லை. ஆயின் கட்சி தன் பிடியை முதலில் எங்கே, ஏன் நழுவவிட்டது என்று தேடிப்போனால், பதினைந்து ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, கடலூரையும் சிதம்பரத்தையும் உள்ளடக்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

இம்மாவட்டம் காங்கிரசுக்கு எளிதில் வாய்த்த நிலம் அன்று. 1920ஆம் ஆண்டு இறுதியில் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ஏ. சுப்பராயலு ரெட்டியார் கடலூரைச் சேர்ந்தவர், நீதிக்கட்சிக்காரர். அந்த மண்ணில் காங்கிரசை வேரூன்றச் செய்தவர்களுள் தலையாயவர் கடலூர் அஞ்சலையம்மாள். 1927இல் சென்னையில் நடந்த நீலன் சிலை அகற்றும் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்ற அவர், 1937 தேர்தலில் சட்டமன்றம் புகுந்தார். அத்தேர்தலில் 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் வென்றது. சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்காக நந்தனார் கல்விக் கழகத்தை 1916இல் தொடங்கிய சுவாமி சகஜானந்தரும் பின்னாளில் காங்கிரஸ் சார்பில் சட்டமன்றத்தில் அமர்ந்தவரே. பல சமூகங்களும் ஒரு குடையின்கீழ் நிற்க இயலும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது.

விடுதலைக்குப் பின் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. மாவட்டத்தின் பெருந்தொகையினரான வன்னியர்கள், பெரும்பாலும் சிறு உழவர்களும் கூலிகளும், கட்சிப் பதவிகளிலும் வேட்பாளர் பட்டியலிலும் தமக்குரிய இடம் இல்லை என்று குமுறினர். அந்தக் குமுறலுக்கு வடிவம் தந்தவர் கடலூரின் எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார். 1951இல் அவர் தொடங்கிய கட்சியின் பெயரில் சாதி இல்லை. 'தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி' என்றே அதற்குப் பெயரிட்டார். வடார்க்காட்டில் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர் 'காமன்வீல் கட்சி'யைக் கண்டார். தேர்தலில் நேரடியாக இறங்காத தி.மு.க., தன் கொள்கைக்கு ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்ட இக்கட்சிகளின் வேட்பாளர்களை ஆதரித்தது.

1952 முடிவுகள் காங்கிரசைத் திகைக்க வைத்தன. 375 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் அதற்குக் கிடைத்தவை 152. உழைப்பாளர் கட்சி 19, காமன்வீல் 6. பெரும் சரிவு ஆந்திர, மலபார் பகுதிகளில் நேர்ந்தது என்பது உண்மையே. தமிழ் மாவட்டங்களில் 190இல் 96 இடங்களைக் காங்கிரஸ் பெற்றிருந்தது. ஆனால் தமிழ்ப் பகுதிக்குள் ஒரு சமூகத்தின் மனக்குறை தனிக்கட்சியாக எழுந்து வென்றது வட மாவட்டங்களில்தான்.

அவ்வாண்டின் கடலூர் மக்களவைத் தொகுதி தனியே நோக்கத்தக்கது. அது இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடத்தில் உழைப்பாளர் கட்சியின் என். டி. கோவிந்தசாமி கச்சிராயர் வென்றார். ஒதுக்கப்பட்ட இடத்தில் காங்கிரசின் எல். இளையபெருமாள் வென்றார். உழைக்கும் இரு பெரும் சமூகங்கள், ஒரே தொகுதியிலிருந்து, இரு வேறு கட்சிகளின் வழியே தில்லி சென்றன.

காங்கிரஸ் என்ன செய்தது? குறையைத் தீர்ப்பதைக் காட்டிலும் குறை சொல்பவரை உள்ளே அழைத்துக்கொள்வதே எளிது என்று முடிவு செய்தது. 1952இல் இராஜாஜி மாணிக்கவேலு நாயக்கரை அமைச்சராக்கினார். 1954 ஏப்ரலில் காமராசர் அமைத்த எட்டுப்பேர் அமைச்சரவையில் படையாட்சியாரும் இடம்பெற்றார். விரைவில் இரு கட்சிகளும் கலைந்தன. சாதிச் சங்கங்கள் மக்களாட்சிக்குள் மக்களைக் கொண்டுவரும் வாயில்களாகவும் அமையக்கூடும் என்பதற்கு அமெரிக்க அறிஞர்களான ருடால்ஃப் இணையர் இந்நிகழ்வைச் சான்றாகக் காட்டினர். அக்கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைப் பின்வந்த தேர்தல்கள் உரைத்தன.

1957இல் மாநிலத்தில் 205 இடங்களில் 151ஐ வென்ற காங்கிரஸ், கடலூர் மக்களவைத் தொகுதியை ஒரு சுயேச்சையிடம் இழந்தது. 1962இல் அத்தொகுதி தி.மு.க. வசமாயிற்று. தலைவர் உள்ளே வந்துவிட்டார். வாக்காளர் அவர் பின்னே முழுதாக வந்துவிடவில்லை. சிதம்பரம் இன்னும் சற்றுக் காலம் தாங்கி நின்றது. 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். 1967இல் சிதம்பரமும் தி.மு.க.வுக்குச் சென்றது. மாநிலத்தில் காங்கிரசுக்கு ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்குகள் அப்போதும் இருந்தன என்பதை மறக்கலாகாது. எதிரணி ஒன்றுபட்டமையால் அவை இடங்களாக மாறவில்லை.

அதன்பின் கடலூரில் காங்கிரஸ் வென்ற ஆண்டுகளைப் பட்டியலிட்டால் அது வலுவாகவே தோன்றும்: 1971, 1977, 1980, 1984, 1989, 1991. ஒவ்வொரு முறையும் உடன் நின்ற திராவிடக் கட்சி எது என்று சேர்த்துப் படித்தால்தான் முழுச் சித்திரம் கிடைக்கும். 1971இல் இந்திரா காந்தியின் கட்சி தமிழகச் சட்டமன்றத்துக்குப் போட்டியிடவே இல்லை. மக்களவை இடங்களைப் பெற்றுக்கொண்டு கோட்டையைத் தி.மு.க.விடம் விட்டுவிட்டது. 1996இல் மூப்பனார் த.மா.கா.வைத் தொடங்கியபோது கடலூரும் அவருடன் சென்றது. 2009, 2024 வெற்றிகளும் தி.மு.க. கூட்டணியில் கிடைத்தவையே.

உள்வாங்கப்பட்ட குறைகள் என்னவாயின? படையாட்சியார் 1980இலும் 1984இலும் திண்டிவனத்திலிருந்து காங்கிரஸ் உறுப்பினராக மக்களவை சென்றார். அதே பத்தாண்டில் வன்னியர் சங்கம் சாலைக்கு வந்தது. 1989இல் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. அக்கட்சி 1991இல் பெற்ற ஒரே சட்டமன்ற இடம் இதே மாவட்டத்துப் பண்ருட்டி. மறுபுறம், 1965இல் அமைக்கப்பட்ட தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைமையேற்று 1969இல் அறிக்கை அளித்த இளையபெருமாளும் பின்னாளில் காங்கிரசை விட்டு விலகித் தனிக்கட்சி கண்டார். சிதம்பரம் தொகுதி 2009, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் விடுதலைச் சிறுத்தைகளின் தொல். திருமாவளவனைத் தேர்ந்தெடுத்தது.

1952இல் ஒரே தொகுதியின் இரு உறுப்பினர்களாக அமர்ந்திருந்த சமூகங்கள், பின்னர் இரு கட்சிகளாக எதிரெதிரே நிற்கலாயின. இவ்விரண்டையும் ஒரு கூரையின்கீழ் வைத்திருக்கும் வாய்ப்பு ஒரு காலத்தில் காங்கிரசுக்கு இருந்தது. அது அமைச்சர் பதவியைப் பங்கிட்டது. ஊரையும் சேரியையும் பிரித்துவைத்த நிலத்தையும் மதிப்பையும் பங்கிடவில்லை. கட்சியின் இழப்பைத் தேர்தல் புள்ளிவிவரங்கள் சொல்லிவிடும். இவ்விரு மக்களும் ஒருவரையொருவர் இழந்ததற்கு அங்கே கணக்கில்லை. தென்னார்க்காட்டின் தேர்தல் வரலாற்றை நாம் மறுபடியும் வாசிக்க வேண்டியது அதற்காகவே.