வாணமும் ரோகிணியும்

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் மக்கள் நம் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர்; 1806 சூலைப் புரட்சிக்குப்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். இது நம் வட்டாரம் அறிந்த வரலாறு. தந்தையின் வாணங்கள் வேறு வழியே சென்றன. மாதிரிகள் இங்கிலாந்தின் உல்விச் படைக்கலச் சாலையை அடைந்தன. அவற்றை ஆராய்ந்தே வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை வடித்தார்.

கோயில் திருவிழாவில் சீறியெழும் வாணத்துக்கும் மைசூர் வாணத்துக்கும் உள்ள முதன்மை வேறுபாடு உறைதான். இரும்புக் குழல் என்பதால் வெடிமருந்தை இறுகத் திணிக்க முடிந்தது. விசையும் தொலைவும் கூடின. 1780-இல் காஞ்சிக்கு அருகே புள்ளலூர்ப் போரில் ஆங்கிலப் படை அதன் வேகத்தை உணர்ந்தது. 1963-இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவுக்குப் பயிற்சிக்குச் சென்ற அப்துல் கலாம், அங்கே மாட்டியிருந்த ஓவியமொன்றில் இவ்வாணங்களைக் கண்டதைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

அதே ஆண்டு நவம்பர் 21-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அது அமெரிக்காவினது. நம் நாட்டில் உருவான ரோகிணி-75 எழுந்தது 1967 நவம்பர் 20-இல். பெயரோடு வரும் எண், குழலின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வது: 75, 125, 200, 300, 560 எனக் குடும்பம் வளர்ந்தது. முதலாவது பத்துக் கிலோமீட்டர் அளவே எழும். 560 நானூறு கிலோமீட்டரையும் கடக்கும். எரிபொருளும் அதை எரிக்கும் உயிர்வளி தரும் பொருளும் ஒன்றாகக் கலந்து இறுகிய திண்மமே எல்லாவற்றிலும் உந்துவது. பற்றவைத்தபின் நிறுத்த இயலாது. அவ்வகையில் இவை வாணத்தின் நேர்வழித் தோன்றல்கள்.

நோக்கந்தான் வேறு. பலூன் எட்டாத உயரத்துக்கும் செயற்கைக்கோள் நிலைத்துச் சுற்ற இயலாத தாழ்வுக்கும் இடையே ஒரு வெளி உண்டு. ஆய்வு ராக்கெட் அங்கே சில நிமிடங்கள் நின்று அளந்துவிட்டுக் கடலில் விழுகிறது. எண்பது கிலோமீட்டர் அளவுக்கு எழும் ரோகிணி-200 மெல்லிய செப்பு இழைகளைத் தூவும். அவை மிதந்து செல்லும் போக்கை ராடார் தொடர, மேற்காற்றின் திசையும் வேகமும் புலப்படும். மோனெக்ஸ் என்னும் பருவமழை ஆய்வுக்கு இவ்வகை ராக்கெட்டுகள் உதவின. மணலாய்க் கிடக்கும் பாலாற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது சிறு செய்தியன்று.

ஆகவே இதனை ‘ஏவுகணை’ என்று எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கணை என்றால் அம்பு. அதற்கொரு இலக்கும் பகையும் வேண்டும். (தும்பை சூடிப் பொருவது புறத்திணை மரபு, மலையாளத்தில் தும்பைச் செடியின் பெயரும் தும்ப என்பதே. அந்தப் பெயர் கொண்ட ஊரிலிருந்து போர்க்கருவி எழவில்லை என்பது இனிய முரண்.) நம் கவிஞர்கள் ‘ஆய்வு வாணம்’ என்றே எழுதிப் பார்க்கலாம்.

செயற்கைக்கோளை ஏற்றிச் செல்லும் பெரிய ஊர்திகளின் ஒளியில் இச்சிறியவை மறைந்தன, ஓய்ந்துவிடவில்லை. 2020-இல் ரோகிணி-200 புதிய திண்ம எரிபொருளுக்கு மாறியது. 2022 நவம்பர் 23-இல் தும்பாவிலிருந்து எழுந்தது, அதன் தொடர்ச்சியான இருநூறாவது வெற்றிப் பயணம்.