நம்மூரின் பழைய பள்ளிக்கூடம்

திருவெண்ணெய்நல்லூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் சுந்தரர் கதையைச் சொல்வார்கள். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் பெயரைச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் இங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடமும் நடந்தது என்பதை நாமே மறந்துவிடுகிறோம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பாடம் சொன்ன பள்ளி அது. அவரிடம் 49 பேர் படித்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசுமுன், அக்கம்பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். கிருபாபுரீஸ்வரர் கோயிலின் முகப்பில் இருக்கிறது வழக்கு மண்டபம். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம் நடக்க இருந்த நேரத்தில் ஒரு கிழவர் வந்து, "உன் பாட்டன் எனக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறான்" என்றார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். "கிழிந்தது படிதான், மூலம் வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது" என்றார் கிழவர்.

வழக்கு நம்மூர்ச் சபைக்கு வந்தது. ஆட்சி, ஆவணம், சாட்சி இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்று சபையார் கேட்டதாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதுகிறார். மூல ஓலை வந்தது. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டிலும் எழுத்து ஒன்றா என்று பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொன்னார்கள். "உம் வீடு எது?" என்று கேட்டபோது கிழவர் அருட்டுறைக் கோயிலுக்குள் போய் மறைந்தார். சுந்தரர் தம் முதல் பதிகத்தைப் பாடியது அங்கேதான்.

அதே கோயிலில் இருப்பவர் பொல்லாப் பிள்ளையார். பொள்ளா, அதாவது உளியால் செதுக்காத பிள்ளையார் என்பதே மருவி இப்படி ஆனது என்பார்கள். மெய்கண்டார் வழிபட்ட பிள்ளையார் இவர்.

மெய்கண்டார் பிறந்தது பெண்ணாகடம். தந்தை அச்சுத களப்பாளர். வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, திருவெண்காட்டு இறைவன் அருளால் பிறந்ததால் சுவேதவனப்பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். குழந்தையை நம்மூருக்குக் கொண்டுவந்து வளர்த்தவர் தாய்மாமன். பரஞ்சோதி முனிவர் உபதேசம் செய்து மெய்கண்டார் என்ற பெயரைக் கொடுத்தார்.

அவர்கள் வீட்டுக் குலகுரு, சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர். பிறப்பால் ஆதிசைவ வேதியர், வயதிலும் மிக மூத்தவர். தம் மாணவர்களே சின்னப் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு வந்தார். "ஆணவத்தின் உருவம் எது?" என்று நின்றபடியே கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. நின்றவரை மேலும் கீழும் பார்த்தாராம். பெரியவர் அந்த இடத்திலேயே காலில் விழுந்து மாணவரானார். அவர்தான் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாச்சாரியார். வேளாளர் குலத்துச் சிறுவர் குரு, குலகுருவான வேதியர் சீடர். வயதும் பிறப்பும் வகுப்புக்கு வெளியே நின்றுவிட்டன.

சிவஞானபோதம் மொத்தம் 12 சூத்திரம், 40 அடி. ஒவ்வொன்றிலும் சொல்ல வந்ததை மேற்கோளாக வைத்து, அதற்கு ஏது காட்டி, எடுத்துக்காட்டும் தருகிறார். முதல் சூத்திரமே, மாறி அழியும் உலகத்துக்கு ஒரு கர்த்தா உண்டு என்பதைக் காரணம் காட்டி நிறுவுகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வழக்கு மண்டபம்தான் நினைவுக்கு வரும். கடவுளே வாதியாக வந்தாலும் ஆதாரம் கேட்ட ஊர் இது. கடவுள் உண்டு என்று சொல்ல வந்தவரும் இங்கே ஆதாரத்தோடுதான் பேசினார்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் குருமடத்தில் தலைமை வகித்த ஹொய்சிங்டன் என்ற அமெரிக்கப் பாதிரியார் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854-இல் வெளியிட்டார். நம் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த நூலின் பெயர் தெரியும்?

மெய்கண்டாருக்கு ஊரில் தனிக் கோயில் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகள் வரும்போது வழக்கு மண்டபம், பொல்லாப் பிள்ளையார், மெய்கண்டார் கோயில் என்று வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நடக்கும் தூரம்தான். வழியில் அவர்கள் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். கேள்வி கேட்டு வளர்ந்த ஊர் இது.