அலுவலகமாய்ப் பிறந்த கலைக்கூடம்

இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில், ஆர்னோ ஆற்றங்கரையில் நிற்கும் ‘உஃபிஸி’ மாளிகையைக் கலைக்கூடமாகவே உலகம் அறியும். ஆயின், அப்பெயரின் பொருள் ‘அலுவலகங்கள்’ என்பதே. மறுமலர்ச்சிக் காலத்து ஆட்சியாளன் ஒருவன் கோப்புகளுக்கென எழுப்பிய மாளிகை அது! கோப்புகளிடையே காலங்கழிக்கும் என் போன்றோர்க்கு இச்செய்தி தனி உவகை தருவதில் வியப்பில்லை.

மெடிச்சி குடும்பத்துக் கோசிமோ, நகரில் சிதறிக் கிடந்த ஆட்சித்துறைகளைத் தன் அரண்மனைக்கு அருகே ஒருங்குசேர்க்க எண்ணினான். வசதி ஒரு காரணம். யாவும் தன் கண்பார்வையில் இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. ஓவியர்களின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற வசாரி 1560இல் கட்டடப் பணியைத் தொடங்கினார். 1574இல் இருவருமே மறைந்தனர். கோசிமோவின் மகன் பிரான்செஸ்கோ 1581இல் மேல்தளத்தைக் கலைக்கூடமாக்கினான். கீழே எழுத்தர்கள், மேலே சிலைகள்!

1737இல் மெடிச்சி மரபின் கடைசி ஆண்மகன் பிள்ளையின்றி இறந்தான். ஐரோப்பிய வல்லரசுகள் முன்னரே பேசி முடித்தபடி, நாடு லொரேன் மரபினர் கைக்குப் போயிற்று. எஞ்சியவர் அவன் தமக்கை அன்னா மரியா லூயிசா. கணவனை இழந்து பிறந்தகம் திரும்பியிருந்த மூதாட்டி. அரியணை அவருக்கில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாய்ச் சேர்த்த கலைச்செல்வம் அவருடையது. அதனைப் புதிய மரபினர்க்கே அளித்தார், ஒரு நிபந்தனையோடு: எப்பொருளும் இவ்விடம்விட்டு அகலக்கூடாது, அவை நாட்டின் அணியாக, மக்களின் பயனுக்காக, அயலாரை ஈர்ப்பதற்காக இங்கேயே இருத்தல்வேண்டும். ஓர் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம், அவ்வளவே.

அதன் அருமையை உணர மாந்துவா நகரைப் பார்க்கவேண்டும். அங்கு ஆண்ட கொன்சாகா மரபினர் 1627-28இல் தம் ஓவியங்களை இங்கிலாந்தின் முதலாம் சார்லசுக்கு விற்றனர். 1649இல் அவ்வரசன் தலை வீழ்ந்தபின் அவை மீண்டும் விலைபோய்ப் பல நாடுகளில் சிதறின.

பிளாரன்சிலும் நிபந்தனை முழுதும் காக்கப்பட்டது என்பதற்கில்லை. மெடிச்சிகளின் பெருவைரம் வியன்னா போய்விட்டது. எனினும் பெருந்தொகுப்பு நிலைத்தது. 1769இல் பொதுமக்களுக்குக் கதவும் திறந்தது.

கோப்புகள் என்னவாயின? 1852இல் அதே மாளிகையில் அரசு ஆவணக்காப்பகம் அமைந்தது. 1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ பெருக்கெடுத்தபோது, கீழ்த்தளத்துச் சுவடிகள் சேற்றில் மூழ்கின. அவற்றை அள்ளிக் கழுவி உலர்த்தப் பல நாட்டு இளைஞர்கள் வந்து கூடினர். 1980களின் இறுதியில்தான் ஆவணங்கள் வேறு கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தன.